ஊசிமுனை அளவு காற்று

சலைன் குழாயை வெட்டச் சமையலறைக் கத்தரிக்கோல் ஆகாது. அது குழாயை நசுக்கும், முனை கோணலாகிவிடும். கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோல்தான் சரி. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று எப்போதும் இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் வீட்டில் அது இல்லாமல் போனால்தான் அதிசயம். அதனால் என் கணவர் டென்னிஸ் தன் மோட்டார் சைக்கிளுக்குக் குழாய் தேவைப்படும்போதெல்லாம் என்னிடம்தான் வருவார். "சில்வி, ரெண்டு முழம் வெட்டிக் குடேன்" என்பார். பூக்காரியிடம் கேட்பதைப் போல இருக்கும். நானும் முகம் கோணாமல் வெட்டிக் கொடுப்பேன். இங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மாமா ஒருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊரோடு வந்துவிட்டபோது இதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜப்பான்காரன் செய்து, பிரான்சில் ஓடி, காரைக்காலில் கிழடுதட்டிய வண்டி. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்புரேட்டர். கார்புரேட்டர் என்றால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தார். புதுப்பெண்ணிடம் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் ஊட்ட வேண்டுமாம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வண்டி நொண்டும், கைப்பிடி அதிரும், சத்தம் கெடும். இரட்டைக் குழந்தைக்குப் பாலூட்டுவது மாதிரி என்றார். பிரசவ வார்டில் வேலை பார்த்த எனக்கு அது உடனே புரிந்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. வண்டி இருந்தது.

அந்தச் சமத்தைப் பார்க்க அவரே ஒரு கருவி செய்துவைத்திருந்தார். ஒரு பலகை, அதில் ப எழுத்துப் போல வளைத்துக் கட்டிய சலைன் குழாய், குழாயின் பாதிவரை சிவப்பு எண்ணெய். குழாயின் ஒரு முனையை இடது கார்புரேட்டரிலும் மறு முனையை வலது கார்புரேட்டரிலும் மாட்டி வண்டியைக் கிளப்புவார். எந்தப் பக்கம் அதிகமாக உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற திருகைத் திருப்புளியால் நோகாமல் திருப்பித் திருப்பி, இரு பக்கமும் எண்ணெயை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார். பலகைக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார். தராசு சமம் காட்டிய பிறகு குழாயைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் நின்று காதால் கேட்பார். "தராசு சொல்லணும், காது கையெழுத்துப் போடணும்" என்பது அவர் சட்டம். பூசையில் நற்கருணை வாங்கும்போதுகூட அவர் அவ்வளவு பக்தியாகக் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

அந்தக் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்துறையில் வேலை பார்த்துக்கொண்டே எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். குழாயில் தண்ணீர் சொட்டினால் அது என்ன சுரம் என்று சொல்வார். மிக்ஸி ஓடும்போது அதோடு சேர்ந்து முணுமுணுப்பார். ஜெமிமா என்ற பெண் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். இவர் முதலில் வாயால் சுருதியைச் சொல்லிவிட்டு, கீபோர்டு சரியாக இருக்கிறதா என்று அப்புறம் பார்ப்பார். ஊரில் யாரும் இதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். டென்னிஸ் காது அப்படித்தான் என்று இருந்துவிடுவார்கள்.

நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். வீட்டில் எனக்கு வேலை இல்லை. நான் இரவு டியூட்டி பார்த்த காலமெல்லாம் மனிதர் தனியாக வாழப் பழகியிருக்கிறார். காப்பி அவரே போடுவார். சட்டைக்கு அவரே இஸ்திரி போடுவார். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர், அப்புறம் வண்டி, சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீன் வாங்கத் திருவேட்டக்குடி போகிறேன் என்று கிளம்புவார். கோட்டுச்சேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கமாலுதீனும் தன் வண்டியில் கூடப் போவார். இரண்டு பேரும் மதியத்துக்கு மேல் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். மீன் மட்டும் வராது.

ஒருநாள் அவர் காப்பி குடித்த டம்ளரைக் கழுவலாம் என்று கையை நீட்டினேன். "பரவால்ல சில்வி, நானே கழுவிக்கிறேன். நீ செத்த ரெஸ்ட் எடு" என்றார். எந்தப் பெண்ணிடம் சொன்னாலும் நீ கொடுத்துவைத்தவள் என்பாள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய் அழுதேன். ஆஸ்பத்திரியில் விடியவிடிய யாராவது சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். அந்தக் குரல் இல்லாத வீட்டில்தான் எனக்கு அதன் அருமை தெரிந்தது.

வேலை இல்லாதவள் செய்கிற வேலையைச் செய்தேன். வீட்டைச் சுத்தம் செய்தேன். சாமான் அறையில் கிடந்த தராசுப் பலகையைத் துடைத்து ஜன்னலோரம் மாட்டி, ஆடாமல் இருக்கட்டும் என்று அதன் தொங்கு சரட்டை ஓர் ஊக்கால் திரைச்சீலையோடு சேர்த்துக் குத்திவைத்தேன். ஊக்கு சரட்டோடு குழாயையும் குத்திவிட்டது. இது எனக்குத் தெரியாது. தவறு என்று ஒன்றைச் சொல்வதானால் முதல் தவறு அந்த ஊக்கினுடையது.

அந்தச் சனிக்கிழமை அவர் தராசை மாட்டினார். இடது பக்கத்துக் குழாயில் இருந்த துளை வழியாக வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே போயிற்று. அதனால் இடது கார்புரேட்டர் சோம்பலாக உறிஞ்சுவதைப் போலத் தராசு காட்டியது. அவர் அதை நம்பித் திருகைத் திருப்பினார். எண்ணெய் சமமாக நின்றது. குழாயைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். வண்டி நொண்டிக்கொண்டிருந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி சமம். கழற்றினார், மறுபடி நொண்டல். சாயங்காலம் வரை இதே கூத்து. கடைசியில் அடுப்படிக்கு வந்து, எண்ணெய்க் கையோடு வாசற்படியில் நின்றார்.

"சில்வி, செத்த வந்து கேளேன். ஒனக்கு எப்புடிக் கேக்குது?"

இவ்வளவு வருஷத்தில் அந்த வண்டியைக் கேட்கச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வண்டி பக்கத்தில் நின்று, அவரைப் போலவே கண்ணை மூடிக் கேட்டேன். நொண்டல் எனக்கே தெரிந்தது. மீன் கூடை தூக்கிப் போகிறவர் நடையைப் போல ஒரு பக்கம் தாங்கித் தாங்கி ஓடியது. கண்ணைத் திறந்தால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

"எனக்கு நல்லாத்தாங்க கேக்குது" என்றேன்.

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்த சில நாட்களில் பலகையைத் துடைக்கும்போது துளை என் கண்ணில் பட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த நாட்களில் அவர் தினமும் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு முக்காலியைப் போட்டு வண்டிப் பக்கத்தில் உட்காருவேன். "இப்ப?" என்பார். "கொஞ்சம் பரவால்ல" என்பேன். "இப்ப?" என்பார். "இதுக்கு முன்னாடி இருந்தது தேவல" என்பேன். ஒருநாள் அவரே எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து குடித்தோம். இப்படி ஒரு நல்ல வாரத்தை ஒரு சின்னத் துளையைச் சொல்லிக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. குழாயில்தான் கோளாறு என்று ஒருநாள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். "புதுசா ஒண்ணு வெட்டிக் குடு, மாத்திப் பாத்துருவோம்" என்றார். மருந்துக்கடையில் புதிது வாங்கினேன். உறையைப் பிரித்தேன், அளந்து வெட்டினேன். வெட்டிய பிறகு கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சின்ன ஊசி இதற்கு உதவாது. எடுத்த உடனே குழாய் தானே மூடிக்கொள்ளும். ரத்தம் எடுக்கிற பெரிய ஊசிதான் வேண்டும். மாட்டுகிற கிளிப்புக்குக் கொஞ்சம் மேலே, வளைவின் உட்பக்கம் குத்தினால் வெளியே தெரியாது. கிடைக்காத நரம்பையெல்லாம் தேடிக் குத்தியவள் நான். கை நடுங்கவில்லை.

புதுக் குழாயிலும் அதே கதை என்றதும் இன்னும் இரண்டு முறை புதிதாகக் கேட்டு மாற்றிப் பார்த்தார்; அவற்றையும் நான் அதே மாதிரி குத்தித்தான் கொடுத்தேன். சீல் பிரித்த புதுக் குழாய், அதுவும் நர்ஸ் கையால் வெட்டியது. அதைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரரையாவது அவர் சந்தேகப்பட்டிருப்பார், என்னை மாட்டார். எண்ணெய் மட்டம் பொய் சொல்லாது, குழாய் பொய் சொல்லாது, பெண்டாட்டி பொய் சொல்ல மாட்டாள். மிச்சம் இருப்பது அவர் காது ஒன்றுதான்.

"எனக்குக் காது போச்சு போலருக்கு சில்வி" என்றார்.

நான் அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "வயசாவுதுல்லங்க" என்றேன். இது பொய்யா? எல்லோருக்கும் வயசாகத்தான் செய்கிறது. ஒருநாள் தராசை மாட்டியபோது, "ஏதோ சீறுற மாதிரி சன்னமாக் கேக்குதே" என்றார். துளை வழியாகக் காற்று போகிற சத்தம் அது. அந்த இஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. "காதுக்குள்ள எரையுதாங்க? வயசானா அப்புடித்தான் எரையும்" என்றேன். பாவம், அவர் காதைக் கையால் பொத்திப் பொத்தி எடுத்துப் பார்த்தார். டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். காட்டினால் காதில் மிஷினை மாட்டிவிடுவார்கள், பாடகர் குழுவில் அதை மாட்டிக்கொண்டா நிற்பீர்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். தலைமுடிக்கு மை அடிக்கிற மனிதர்.

கமாலுதீனைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. துபாயில் பல வருஷம் வண்டி வேலை பார்த்து வந்தவர், நொண்டல் அவருக்குத் தெரியாமல் போகாது. அவர் ஒரு நாள் வந்தார், வண்டியைக் கேட்டார், "அண்ணே, லெப்டு தாங்குதுண்ணே" என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். டென்னிஸ் முகத்தில் வெளிச்சம் வந்தது. அன்று ராத்திரி சோறு போடும்போது நான் சொன்னேன்: "கமாலுதீன் நல்ல மனுஷங்க. ஒங்க மனசு வருத்தப்படக் கூடாதுன்னு நீங்க சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடுறாரு. அவருக்கிட்ட நாந்தான் ஒங்க காதப் பத்திச் சொல்லியிருந்தேன்." வெளிச்சம் அணைந்துவிட்டது. மறுநாள் கமாலுதீனுக்கு போன் செய்து, அண்ணனுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, வண்டிப் பேச்சு எடுத்தால் சங்கடப்படுகிறார், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றேன். "ஐயோ, அப்புடியா சிஸ்டர், அல்லா காப்பாத்துவான்" என்றார். இரண்டு பேரிடமும் பாதிப்பாதி உண்மை சொன்னேன். முழுப் பொய் எனக்குப் பழக்கமில்லை.

அதன் பிறகு வீடு எப்படி ஆயிற்று என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என்னிடம் கேட்பார். டிவி சத்தம் அதிகமா குறைவா என்று கேட்பார். போன் வந்தால் என்னிடம் நீட்டி, "என்ன சொல்றாங்கன்னு நீயே கேட்டுச் சொல்லு" என்பார். திருவேட்டக்குடி மறந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் ஆட்டோவில் போய் மீன் வாங்கினோம். இந்த முறை மீன் வீடு வந்து சேர்ந்தது. கொடுவாக் குழம்பு வைத்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் சந்தோஷமாக இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் அந்தக் குழம்பைச் சாப்பிட்டதில்லை என்பேன்.

இப்போது பெரிய வெள்ளிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து முடித்தால், உயிர்ப்புத் திருவிழா வரை மணி கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். கீபோர்டும் கூடாது, ஆர்மோனியமும் கூடாது, வெறும் தொண்டைதான். அதனால் பெரிய வெள்ளியில் சுருதி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஆள் டென்னிஸ்தான். சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, ஜனங்கள் வரிசையில் வரும்போது பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதன் மூன்றாவது வரி உச்சிக்குப் போகும். தொடக்கத்தில் சுருதி ஒரு இழை ஏறிவிட்டாலும் அந்த வரியில் பெண்கள் குரல் உடைந்துவிடும். அவர் எடுத்துக் கொடுத்து ஒருமுறையும் உடைந்ததில்லை.

இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். ஜெமிமா வீட்டுக்கே வந்து கெஞ்சினாள். "அங்கிள், கீபோர்டு இல்லாம எனக்குக் கையுங் காலும் ஓடாது. நீங்க நில்லுங்க, அது போதும்" என்றாள். அவள் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். "நீ மொத வரிசைல ஒக்காந்துக்க. நான் எடுத்துட்டு ஒன்னப் பாப்பேன். சரியா இருந்தா தலய ஆட்டு. ஏத்தணும்னா மோவாயத் தூக்கு, எறக்கணும்னா கீழ காட்டு" என்றார். நோயாளிகள்கூட அவ்வளவு நம்பிக்கையோடு என்னிடம் உயிரைக் கொடுத்ததில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டோம்.

பெரிய வெள்ளியன்று பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் குழுவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் நின்றார். கோயில் முழுக்க ஜனம், ஒரு சத்தம் இல்லை. அவர் கண்ணை மூடினார், வாயைத் திறக்காமல் மூக்கால் மெல்லச் சுருதியை எடுத்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

அது சரியான சுருதி. இத்தனை வருஷமாக நான் கேட்ட அதே சுருதி, ஒரு மயிரிழை மாறவில்லை. அவர் காதுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரிந்ததுதான்; அந்த நிமிஷம் அவருக்கும் ஒரு சொட்டு சந்தேகத்தோடு தெரிந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். பாட்டு நன்றாக வரும், ஜனங்கள் கை கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து வண்டியை எடுப்பார், கமாலுதீனைக் கூப்பிடுவார், காப்பியை அவரே போட்டுக்கொண்டு டம்ளரை அவரே கழுவிவிடுவார்.

மோவாயைக் கொஞ்சம் தூக்கினேன்.

அவர் உடனே ஏற்றினார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முதல் வரி போயிற்று, இரண்டாவது வரி போயிற்று. மூன்றாவது வரியில் ஜெமிமாவின் குரல் முதலில் உடைந்தது, பிறகு ஒவ்வொன்றாக உடைந்தது. கடைசியில் ஆண்கள் குரல் மட்டும் கீழே எங்கேயோ உறுமிக்கொண்டு நின்றது. சிலுவை முத்தி செய்ய வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். பங்குச் சாமியார்கூட அவர் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆட்டோவில் வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கை குளிர்ந்து கிடந்தது. எனக்கு அவரை நினைத்து நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

உயிர்ப்புத் திருவிழாவுக்கு அவர் குழுவோடு நிற்கவில்லை, ஆண்கள் பக்கம் கடைசித் தூணருகே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் கமாலுதீனை வரச்சொல்லி வண்டியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். "நீ ஓட்டு. எனக்கு அதோட பாஷ புரியல" என்றார். தராசுப் பலகையையும் டூல் பெட்டியையும் சேர்த்தே கொடுத்தார். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். டூல் பெட்டியில் பழைய குழாய்களையெல்லாம் மனிதர் தூக்கிப் போடாமல் சுருட்டி வைத்திருந்திருக்கிறார்.

கமாலுதீன் டென்னிஸ் தூங்குகிற மதிய நேரமாகப் பார்த்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுருட்டிய குழாய்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"இது ஆணி கிழிச்சது இல்ல சிஸ்டர். ஊசிக் குத்து. புதுக் கொழா எல்லாத்துலயும் ஒரே எடத்துல குத்து."

நர்ஸுக்கு ஒழுங்கு ஒரு வியாதி. இடத்தை மாற்றி மாற்றிக் குத்தியிருக்கலாம், தோன்றவில்லை.

"ஏன் சிஸ்டர்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "அவரு காதுன்னா இந்த ஊருக்கே தெரியும். அத ஏன்?"

"காப்பி சாப்புடுறீங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம வண்டிய நல்ல கொழா போட்டு செட் பண்ணி, ஓட்டிக்கிட்டு வருவேன். அதுக்குள்ள நீங்களே அண்ணங்கிட்ட சொல்லிருங்க. நான் சொல்லி அவரு கேட்டா ஒடஞ்சிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. நல்ல மனுஷர் என்று நான் முதலிலேயே சொன்னேன் அல்லவா?

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. கமாலுதீன் வைத்த கெடுவை நான் தவறவிடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அவர் கூடத்து நாற்காலியில் சாய்ந்ததும், பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்கு, ஊசி, கமாலுதீனுக்குச் செய்த போன், பெரிய வெள்ளியில் தூக்கிய மோவாய், ஒன்று விடவில்லை. இப்போது உங்களுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னேன். குழாயையும் ஊசியையும் அவர் மடியில் வைத்தேன்.

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் யாரையும் அடித்தவர் இல்லை. என் தலையில் கையை வைத்தார்.

"எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இப்புடியாடி ஒரு கதைய ஜோடிப்ப?" என்றார். "பழியத் தூக்கி ஒந் தலைல போட்டுக்கிட்டா எனக்குக் காது திரும்பிருமா? கொழாயில இப்பப் போயிக் குத்திக் கொண்டாந்தியாக்கும்." சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். "நீ செய்யக் கூடியவளா சில்வி? நான் செத்தாலும் நம்ப மாட்டேன்."

"நெசமாத்தாங்க" என்றேன்.

"போடி" என்றார்.

இரண்டு முறை சொன்னேன். நம்பாதவரிடம் மூன்றாம் முறை சொல்வது அவரைத் துன்புறுத்துவது. ஒரு மனுஷி இதற்கு மேல் எப்படி உண்மையாக இருப்பது?

சற்று முன்னால், வெயில் தாழ்ந்த நேரம், தெருக்கோடியில் ஒரு சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கண் தானாக மூடிக்கொண்டது. எனக்கு அந்த முகம் மறந்தே போயிருந்தது.

"நம்ம வண்டி" என்றார். "சில்வி, நம்ம வண்டிதானே? ரெண்டும் ஒண்ணா ஓடுது. பிசிறே இல்ல பாரேன். சரியாத்தானே கேக்குறேன்?"

நம் வண்டிதான். இரண்டு சிலிண்டரும் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டு வந்தன. அவர் வாலிபத்தில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போன அன்று கேட்ட சத்தம். அவர் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டியானை வண்டிங்க அது" என்றேன். "தண்ணி கேன் போட வந்திருக்கும்."

அவர் முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது. "அப்புடியா" என்றார்.

சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. கமாலுதீன் "அண்ணே" என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை, என் பக்கம் திரும்பி, "ரெண்டு கேன் வாங்கி வச்சுரு சில்வி" என்றார்.

இதோ, கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.